மரபான ஜெர்மன் குழந்தைப் பெயர்கள்: பொருளைப் பார்ப்பதோடு நிற்காதீர்கள்

குழந்தைப் பெயர்ப் பட்டியல்களில் ஜெர்மன் பெயர்களைத் தேடினால் ஒரே மாதிரியான விளக்கங்கள்தான் வரும். ஃப்ரீட்ரிஷ் என்றால் அமைதியான அரசன், ஹில்டெகார்ட் என்றால் போரில் காப்பவள், வில்ஹெல்ம் என்றால் உறுதிமிக்க காவலன். இவை பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் இந்த ஒற்றை வரியை மட்டும் நம்பிப் பெயர் வைத்தால், முதியோர் இல்லத்துப் பாட்டிகளின் பெயரைத் தொட்டிலில் கிடக்கும் குழந்தைக்கு வைத்துவிடக்கூடும். அல்லது பவேரிய மலைக்கிராமத்துப் பெயரை ஹாம்பர்க்கில் வைத்துவிட்டு ஆயுள் முழுக்க விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். ஒரு பெயர் காதில் விழுந்ததும் ஜெர்மன்காரர் வேர்ச்சொல்லை யோசிப்பதில்லை. ஆளுக்கு என்ன வயதிருக்கும், எந்தப் பக்கத்து ஆள், எந்தச் சபைக் குடும்பம் என்றுதான் கணக்குப் போடுகிறார்.

ஜெர்மனியிலோ ஆஸ்திரியாவிலோ சுவிட்சர்லாந்திலோ குழந்தையை எதிர்பார்த்துக்கொண்டு, அந்த ஊர்ப் பெயர்களில் ஒன்றையும் சேர்த்து வைக்கலாமா என்று யோசிப்பவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். ஜெர்மன் படிக்கிறவர்களுக்கும் உதவும்.

படி 1: பெயரை இரண்டாகப் பிரியுங்கள்

பழைய ஜெர்மானியப் பெயர்களில் பெரும்பாலானவை இரண்டு சொற்களை ஒட்டிச் செய்தவை. கிறிஸ்தவம் வருவதற்கு முன்பே இருந்த வழக்கம் இது. கைக்குக் கிடைத்த சொல்லையெல்லாம் ஒட்டிவிட முடியாது. பெயருக்கென்றே புழங்கிய சொற்கள் இருந்தன, அவற்றில் பெரும்பகுதி போர், படை, புகழ், ஆட்சி, காட்டு விலங்கு என்றே சுற்றிவரும். அடிக்கடி வருகிறவற்றைத் தெரிந்துகொண்டால் ஏராளமான பெயர்களை நீங்களே பிரித்துவிடலாம்.

போர்: ஹில்ட், குண்ட், விக். மூன்றுக்கும் கிட்டத்தட்ட ஒரே பொருள்.

படை: ஹெர். சொல்லின் கடைசியில் தேய்ந்து வெறும் "அர்" ஆகிவிடும். வால்டர் (ஆளுதல், படை), குந்தர் (போர், படை).

ஆட்சி: ரிஷ், வால்ட். ஹைன்ரிஷ் (வீடு, ஆள்பவன்), ஃப்ரீட்ரிஷ் (அமைதி, ஆள்பவன்).

புகழ்: லுட், ரூட், ரோ. லுட்விக் (புகழ், போர்), ரூடோல்ஃப் (புகழ், ஓநாய்), ரோபெர்ட் (புகழ், ஒளி).

காவல்: ஹெல்ம் என்றால் தலைக்கவசம், முண்ட் என்றால் காப்பு, கார்ட் என்றால் வேலி. வில்ஹெல்ம் (மன உறுதி, தலைக்கவசம்), சீக்முண்ட் (வெற்றி, காப்பு), ஹில்டெகார்ட் (போர், வேலி).

வலிமை: ஹார்ட், ட்ரூட், மாட். கேர்ஹார்ட் (ஈட்டி, உறுதி), கெர்ட்ரூட் (ஈட்டி, வலிமை), மடில்டே (வலிமை, போர்).

மேன்மை: ஆடல். ஆல்பெர்ட்டின் முழு வடிவம் ஆடல்பெர்ட் (மேன்மை, ஒளி). ஆடல்ஹைட் என்பதில் வரும் ஹைட் "தன்மை" என்று பொருள்படும்.

அறிவு: ராட், அதாவது ஆலோசனை. கோன்ராட் (துணிவு, ஆலோசனை).

விலங்கு: பெர்ன் கரடி, வோல்ஃப் ஓநாய், எபர் காட்டுப்பன்றி, ஆர்ன் கழுகு, ராம் அண்டங்காக்கை. பெர்ன்ஹார்ட், வோல்ஃப்காங், எபர்ஹார்ட், ஆர்னோல்ட் எல்லாம் இந்தக் காட்டிலிருந்து வந்தவை. பெர்ட்ராம், வோல்ஃப்ராம் என்று கேட்டால் நமக்கு வேறு ராம் நினைவுக்கு வரும். அங்கே அது போர்க்களத்தில் வட்டமிடும் கறுப்புப் பறவை.

ஆணா பெண்ணா என்பதை இரண்டாவது சொல்தான் தீர்மானிக்கும். ஹார்ட், ரிஷ், பெர்ட், முண்ட், ஹெல்ம் என்று முடிந்தால் ஆண். ஹில்ட், குண்ட், ட்ரூட், பர்க், லின்ட், கார்ட் என்று முடிந்தால் பெண். கேர்ஹார்டும் கெர்ட்ரூடும் ஒரே ஈட்டியில் தொடங்கி வேறு வேறு பக்கம் போவது இதனால்தான். பிற்காலத்தில் வேறொரு சுலப வழியும் வந்தது. ஆண் பெயரின் வாலை மாற்றி ஃப்ரீட்ரிஷிலிருந்து ஃப்ரீடெரிக்கே, வில்ஹெல்மிலிருந்து வில்ஹெல்மீனே, கார்லிலிருந்து கரோலீனே என்று செய்துகொண்டார்கள்.

சரி, இப்போது எச்சரிக்கை. இரண்டு சொல்லையும் சேர்த்து ஒரு வாக்கியமாகப் படிக்காதீர்கள். ஹில்டெகுண்ட் என்று ஒரு பழைய பெண் பெயர் உண்டு, பிரித்தால் "போர் போர்" என்று வரும். இதற்கு "போர்களின் போராளி" என்று நீட்டி விளக்கம் கொடுக்கிற பட்டியல்களை நான் நம்புவதில்லை. அந்தக் காலத்தில் பெற்றோர் பெயரிலிருந்து ஒரு துண்டு, தாத்தா பெயரிலிருந்து ஒரு துண்டு என்று எடுத்து ஒட்டுவதே வழக்கமாக இருந்தது. 9ஆம் நூற்றாண்டில் எழுதி வைக்கப்பட்ட ஹில்டெப்ராண்ட் பாடல் என்ற பழைய ஜெர்மன் வீரப்பாட்டில் தாத்தா ஹெரிப்ராண்ட், அப்பா ஹில்டெப்ராண்ட், மகன் ஹாடுப்ராண்ட். பின்பாதி மாறவே இல்லை, முன்பாதியும் அதே எழுத்தில் தொடங்குகிறது. இவன் இன்ன குடும்பத்தான் என்று சொல்வதே அந்தப் பெயர்களின் வேலை.

படி 2: சுருக்கத்தின் பின்னால் இருப்பதைத் தேடுங்கள்

இவ்வளவு நீளமான பெயரை வீட்டில் யார் கூப்பிடுவார்கள்? அதனால் சுருக்கங்கள் வந்தன, பல சுருக்கங்கள் தனிப்பெயராகவே நின்றுவிட்டன. ஃப்ரீட்ரிஷ் ஃப்ரிட்ஸ் ஆனான், ஹைன்ரிஷ் ஹைன்ஸ் ஆனான், கோன்ராட் குன்ஸ் ஆனான், காட்ஃப்ரீட் கோட்ஸ் ஆனான். இடைக்காலத்தில் ஹைன்ரிஷும் கோன்ராடும் தெருவுக்குத் தெரு இருந்ததால் "ஹின்ஸும் குன்ஸும்" என்றால் இன்றைக்கும் ஜெர்மனில் "கண்டவர் போனவர் எல்லாரும்" என்று அர்த்தம்.

பெண்களில் ஆடல்ஹைட்டிலிருந்து ஹைடி, அதே ஆடல்ஹைட்டிலிருந்து வடக்கில் எல்கே. மார்கரேட்டேயிலிருந்து கிரேட்டா, கிரேட்டே, கிரேட்டல். கதரீனாவிலிருந்து கேத்தே. எலிசபெத்திலிருந்து லீஸல், இலீஸே, எல்ஸா, பெட்டினா. ஷார்லோட்டேயிலிருந்து லோட்டே. எலிசபெத்தையும் ஷார்லோட்டேயையும் ஒட்டி லீஸலோட்டே என்று ஒன்று. ஆண்களில் யோஹான்னஸ்தான் ஹான்ஸ், யான், ஹென்னெஸ் என்று பல வேடம் போடுகிறான். கிளவுஸ் என்பது நிக்கோலவுஸின் பின்பாதி.

ஃப்ரீடா, ஹில்டே, ஓட்டோ, எம்மா போன்றவை பழைய இரட்டைச் சொல் பெயர்களின் ஒரு பாதி மட்டும் மிஞ்சியவை. ஃப்ரீடாவில் அமைதி இருக்கிறது, ஓட்டோவில் செல்வம் இருக்கிறது. இவற்றைப் பதிவேட்டில் அப்படியே எழுதலாம். சுருக்கப் பெயரை வைக்க முழுப்பெயரும் வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது.

படி 3: எந்தக் கூடையைச் சேர்ந்தது என்று பாருங்கள்

"மரபான ஜெர்மன் பெயர்" என்றால் ஜெர்மன் வேர் கொண்ட பெயர் என்று அர்த்தமில்லை. புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். 12, 13ஆம் நூற்றாண்டுகளுக்குப் பிறகு புனிதர்களின் பெயர்கள் வெள்ளமாக வந்து பழைய ஜெர்மானியப் பெயர்களில் பெரும்பகுதியை ஒதுக்கிவிட்டன. யோஹான்னஸ் எபிரேயம், கதரீனாவும் மார்கரேட்டேயும் கேயோர்க்கும் கிரேக்க வழி, பவுலும் எமிலும் லத்தீன். எல்லாமே ஐந்நூறு அறுநூறு ஆண்டுகளாக ஜெர்மன் வீடுகளில் புழங்கியோ, பிறகு வந்து வேரூன்றியோ இன்று உள்ளூர்ப் பெயர்களாகிவிட்டவை. மார்கரேட்டே என்றால் முத்து, கேயோர்க் என்றால் உழவன்.

அந்த வெள்ளத்தில் தப்பித்த பழைய பெயர்களுக்கு ஏதோ ஒரு தாங்கல் இருந்தது. ஹைன்ரிஷ், ஓட்டோ, ஃப்ரீட்ரிஷ், கோன்ராட், லுட்விக் எல்லாம் அரசர்களின் பெயர்கள். பேரரசர் இரண்டாம் ஹைன்ரிஷும் அவர் மனைவி குனிகுண்டேயும் புனிதர்களாகவே அறிவிக்கப்பட்டவர்கள், இருவரும் பாம்பெர்க் தேவாலயத்தில் அடங்கியிருக்கிறார்கள். கார்ல் என்பதற்குச் சாதாரண "ஆண், சுதந்திர மனிதன்" என்றுதான் பொருள். ஆனால் 800இல் பேரரசராக முடிசூடிய கார்லின் புகழால் போலிஷ், செக் மொழிகளில் "அரசன்" என்ற சொல்லே அந்தப் பெயரிலிருந்து உருவாகிவிட்டது.

சீக்ஃப்ரீட், குட்ரூன் மாதிரியானவை தொடர்ச்சியாக வந்தவை என்று நினைக்க வேண்டாம். நீபெலுங்கன் என்ற இடைக்கால வீரகாவியத்தின் கைப்பிரதி 1755இல் மீண்டும் கண்டெடுக்கப்பட்டது. 19ஆம் நூற்றாண்டின் தேசிய உணர்ச்சியும் இசையமைப்பாளர் வாக்னரின் இசை நாடகங்களும் சேர்ந்து பழைய காவியப் பெயர்களைத் தூசி தட்டி மறுபடி தொட்டிலுக்குக் கொண்டுவந்தன. பழமையான பெயர், ஆனால் புழக்கம் அவ்வளவு பழையதல்ல.

மூன்றாவது கூடை எனக்கு மிகவும் பிடித்தது. 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து பக்தி இயக்கத்தைச் சேர்ந்த லுத்தரன் குடும்பங்கள் ஜெர்மன் சொற்களை வைத்தே புதுப் பெயர்களைச் செய்தார்கள். காட்லீப் (தேவனை நேசிப்பவன்), காட்ஹெல்ஃப் (தேவன் துணை), ட்ரவ்காட் (தேவனை நம்பு), ஃப்யுர்ஷ்டெகாட் (தேவனுக்கு அஞ்சு), லேபெரெஷ்ட் (ஒழுங்காக வாழ்). பெயரே பிரசங்கம். கடைசி மூன்றும் கட்டளை வாக்கியங்கள்! இந்த இயக்கத்தின் மையமான ஹாலே நகரிலிருந்து புறப்பட்டு வந்தவர்தான் 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய மிஷனரி சீகன்பால்க். தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களில் தேவசகாயம், தேவநேசன் என்ற பெயர்களைக் கேட்டவர்களுக்கு காட்ஹெல்ஃபும் காட்லீபும் அந்நியமாகத் தெரியாது. மோட்சார்ட்டின் ஞானஸ்நானப் பெயரில் இருந்த தியோஃபிலுஸ் என்ற கிரேக்கப் பெயரின் ஜெர்மன் வடிவம் காட்லீப், லத்தீன் வடிவம் அமாடேயுஸ். இன்று இந்தக் கூடையிலிருந்து யாரும் எடுப்பதில்லை என்றே சொல்லலாம். ஃப்யுர்ஷ்டெகாட் என்று பெயர் வைத்தால் பள்ளியில் அந்தப் பிள்ளையின் பாடு திண்டாட்டம்தான்.

படி 4: ஊரைக் கேளுங்கள்

ஒரே கேயோர்க் வடக்கே யூர்கன், தென்மேற்கே யோர்க், பவேரியாவில் ஷோர்ஷ். வடகடலோரம் ஃப்ரீஸிய மக்களின் பகுதி. "கே", "யே" என்று முடிகிற சின்னச் சின்னப் பெயர்கள் அங்கே நிறைய: ஹைக்கே, ஆங்கே, வீப்கே, ஃப்ராவ்கே, ஆன்ட்யே. அந்த "கே" செல்லமாகச் சுருக்கும் விகுதி. வீப்கே என்றால் சின்னப் பெண். இவற்றில் சில 20ஆம் நூற்றாண்டில் நாடு முழுக்கப் பரவிவிட்டன, மற்றவை இன்னும் உப்புக்காற்று வாசனையோடுதான் இருக்கின்றன.

தெற்கே போனால் கத்தோலிக்க பவேரியா. யோசேஃப் அங்கே ஸெப், தெரேஸியா ரேஸி, வெரோனிகா ஃப்ரோனி, செபாஸ்டியான் வாஸ்டல், மாக்டலேனா லேனி. கோர்பினியான் என்று ஒரு சிறுவனைச் சந்தித்தால் அவன் ம்யூனிக் பக்கத்தவன் என்று பந்தயமே கட்டலாம். ஃப்ரைஸிங் மறைமாவட்டத்தின் முதல் ஆயராகப் போற்றப்படும் புனிதரின் பெயர் அது. மூட்டை சுமந்த குதிரையைக் கரடி கொன்றுவிட, அந்தக் கரடியின் முதுகிலேயே மூட்டையை ஏற்றி ரோமுக்கு நடந்தார் என்பது அவரைப் பற்றிய கதை. க்ஸாவர் என்ற பெயரும் அப்படித்தான். அது வேறு யாருமில்லை, 1540களில் முத்துக்குளித்துறைக் கடற்கரையில் பணியாற்றிய பிரான்சிஸ் சேவியர்தான். தூத்துக்குடிப் பக்கம் சவேரியார், பவேரியாவில் ஃப்ரான்ஸ் க்ஸாவர். இரண்டு இடத்திலும் திருநாள் டிசம்பர் 3தான். பவேரியாவில் பழைய குடும்பங்கள் பிறந்தநாளைப் போலவே இந்தப் பெயர்த் திருநாளையும் கொண்டாடும்.

சுவிட்சர்லாந்தில் இருப்பவர்கள் ஊர்ஸ், பேஆட், ரேகுலா என்ற பெயர்களைக் கேட்டிருப்பார்கள். எல்லை தாண்டினால் இவை அபூர்வம். ஊர்ஸ் என்றால் கரடி, ரேகுலா சூரிச்சின் காவல் புனிதர்களில் ஒருவர்.

நீங்கள் எங்கே குடியிருக்கிறீர்களோ அந்த ஊர்ப் பெயரையே வைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கோர்பினியானை ப்ரேமனில் வளர்த்தால், "அப்பா அம்மா பவேரியாவா?" என்ற கேள்வி வந்துகொண்டே இருக்கும்.

படி 5: பெயரின் வயதைக் கணக்கிடுங்கள்

எல்லாவற்றிலும் முக்கியமான படி இது. ஜெர்மன் பெயர்கள் அலை அலையாக வந்து போகின்றன. தாத்தா பாட்டி தலைமுறைப் பெயர் "கிழப்பெயர்". பெற்றோர் தலைமுறைப் பெயர் "சலித்த பெயர்". கொள்ளுப்பாட்டி தலைமுறைப் பெயர் மட்டும் திடீரென்று அழகாகிவிடும், ஏனென்றால் அந்தப் பெயரில் நாம் நேரில் பார்த்த கிழவர் யாரும் மிச்சமில்லை.

ஹோர்ஸ்ட், குந்தர், ஹைன்ஸ், கார்ல்ஹைன்ஸ், ஹெல்கா, கீஸெலா, இங்கேபோர்க், உர்ஸுலா, வால்ட்ராவுட்: இவை 1920 முதல் 1940கள் வரை பிறந்தவர்களின் பெயர்கள். கேட்டதும் காப்பியும் கேக்கும் வைத்த பாட்டி வீட்டு மேசை நினைவுக்கு வரும். ஹோர்ஸ்டுக்கு இன்னொரு கெட்ட நேரமும் உண்டு. பேச்சு வழக்கில் அது "மடையன்" என்ற கிண்டல் சொல்லாகவும் ஆகிவிட்டது.

தோமாஸ், மிஷாயேல், ஆண்ட்ரேயாஸ், ஸபீனே, பெட்ரா, ஸுஸானே, மோனிகா: 1950, 60களில் பிறந்தவர்கள். உங்கள் அலுவலக மேலாளரும் குழந்தையின் மருத்துவரும் பெரும்பாலும் இந்தப் பட்டியலில் இருப்பார்கள். இவற்றில் எந்தக் குறையும் இல்லை, ஆனால் கைக்குழந்தைக்கு இன்று யாரும் வைப்பதில்லை.

எம்மா, ஃப்ரீடா, இடா, கிளாரா, மார்த்தா, மடில்டா, கிரேட்டா, யோஹன்னா, கார்ல், பவுல், எமில், ஆன்டோன், ஓஸ்கார்: இவை 1900 வாக்கில் செழித்து, பிறகு காணாமல்போய், இப்போது திரும்பி வந்தவை. இன்று மழலையர் பள்ளி வாசலில் நின்றால் இந்தப் பெயர்களைத்தான் கூப்பிடுவார்கள். மரபான பெயரும் வேண்டும், குழந்தைக்கு உறுத்தவும் கூடாது என்றால் என் பரிந்துரை இந்தக் கூட்டம்தான். ஒரே ஒரு தொல்லை, ஒரே வகுப்பில் இரண்டு எம்மாவோ இரண்டு எமிலோ இருக்க வாய்ப்புண்டு.

வீஸ்பாடனில் உள்ள ஜெர்மன் மொழிச் சங்கம் 1977 முதல் ஆண்டுதோறும் அதிகம் வைக்கப்பட்ட பெயர்களின் பட்டியலை வெளியிடுகிறது. நீங்கள் தேர்ந்தெடுத்த பெயர் எந்தப் பத்தாண்டில் மேலே இருந்தது, இப்போது இருக்கிறதா என்று அந்தப் பட்டியல்களைப் பார்த்தால் தெரிந்துவிடும். இன்னும் எளிய வழி, பக்கத்து வீட்டு ஓமாவிடம் (பாட்டியிடம்) கேட்பது. "ஐயோ, அது என் அத்தை பெயர்" என்று அவர் சிரித்தால் வைக்கலாம். "என் வகுப்பில் அந்தப் பெயரில் நாலு பேர்" என்றால் வேண்டாம்.

படி 6: வரலாற்றுச் சுமையைப் பாருங்கள்

ஆடோல்ஃப் என்ற பெயரைப் பிரித்தால் மேன்மையும் ஓநாயும் வரும். வேர்ச்சொல்லை மட்டும் பார்த்தால் ருடோல்ஃபுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசமில்லை. ஒரு காலத்தில் பரவலான பெயர்தான். அடிடாஸ் நிறுவனத்தின் பெயரிலுள்ள "அடி" என்பதே அதைத் தொடங்கிய ஆடோல்ஃப் டாஸ்லரின் செல்லப்பெயர். 1945க்குப் பிறகு அந்தப் பெயர் தொட்டில்களிலிருந்து அடியோடு மறைந்துபோனது. பொருள் நன்றாக இருக்கிறது என்று அதைத் தொடவே தொடாதீர்கள்.

பெயர்களை ஆயுதமாகவே பயன்படுத்திய காலம் அது. 1938 ஆகஸ்ட் 17 அன்று வந்த ஆணைப்படி, அரசின் பட்டியலில் இருந்த "யூதப் பெயர்" இல்லாத யூதர்கள் எல்லாரும் 1939 ஜனவரி 1 முதல் கூடுதலாக ஒரு பெயரைச் சுமக்க வேண்டும் என்றானது. ஆண்களுக்கு இஸ்ரயேல், பெண்களுக்கு ஸாரா. ஸாரா என்றால் இளவரசி. இன்று அது எல்லாரும் மகிழ்ச்சியாக வைக்கும் பெயராகத் திரும்பியிருக்கிறது.

நாஜி காலத்தில் வடநாட்டு, ஜெர்மானிய வாடையடிக்கும் பெயர்களுக்குத் தனி மதிப்பு இருந்தது. அதனால் ஸீக்லிண்டே, குட்ரூன், ஹைட்ரூன் போன்றவற்றைக் கேட்டால் சில குடும்பங்களில் இன்றும் புருவம் உயரும். வைக்கக் கூடாது என்றில்லை, ஆனால் வேற்று நாட்டிலிருந்து வந்த குடும்பம் இந்தச் சிக்கலுக்குள் ஏன் போக வேண்டும்? போதாததற்கு ஸீக்லிண்டே ஒரு உருளைக்கிழங்கு ரகத்தின் பெயரும்கூட. சந்தையில் எடை போட்டு விற்பார்கள்.

படி 7: இரண்டு மொழியிலும் உரக்கக் கூப்பிட்டுப் பாருங்கள்

இந்தக் கட்டுரையில் தமிழ் எழுத்தில் கெர்ட்ரூட், பெர்ன்ஹார்ட் என்று படித்தீர்கள் அல்லவா? அந்தக் "க" தங்கத்தில் வருவது, அந்தப் "ப" கம்பத்தில் வருவது. அப்புறம், ஆங்கிலப் பழக்கத்தில் ஜே எழுத்தை "ஜ" என்று படிக்கக் கூடாது. ஜெர்மனில் அது "ய". டபிள்யூ "வ" ஆகும், வி பெரும்பாலும் "ஃப" ஆகும், இஸட் "ட்ஸ" ஆகும். கடைசியில் வரும் ஈ எழுத்தை விழுங்கிவிடக் கூடாது: ஸபீன் அல்ல, ஸபீனே.

இந்த விதிகள் எதிர்த்திசையிலும் வேலை செய்யும். ஜெர்மன் பெயரோடு ஒரு தமிழ்ப் பெயரையும் சேர்த்து வைப்பதாக இருந்தால் இதைக் கட்டாயம் பாருங்கள். ஜெயந்தியை அங்கே யேயந்தி என்பார்கள். கயல்விழி என்பதற்கு நாம் வழக்கமாக எழுதும் ஆங்கில எழுத்துகளைப் பார்த்தால் "விட்ஸி" என்று ஏதோ ஒன்றைச் சொல்லித் திணறுவார்கள். ழகரத்தை எந்த எழுத்தில் எழுதினாலும் தப்ப முடியாது. நிலா, மீரா, மாயா போன்றவை இரண்டு பக்கமும் சிக்கலின்றிப் போகும்.

ஊரில் இருக்கும் பாட்டிக்கும் வாயில் நுழைய வேண்டும். ஆன்னா, கிளாரா, மார்த்தா, யோஹன்னா, எமில், பவுல் தமிழ் நாக்குக்குச் சுலபம். ஃப்ரீட்ரிஷும் கெர்ட்ரூடும் கடினம். இன்னொரு பக்கம் சிரிப்புகள் காத்திருக்கின்றன. எம்மாவைக் கூப்பிட்டால் நம் வீட்டில் யாரையோ "ஏம்மா" என்று அதட்டுவது போலிருக்கும். ஓட்டோ என்று கத்தினால் ஆட்டோ வந்து நிற்கும். கை என்ற ஃப்ரீஸியப் பெயரை வைத்துவிட்டு, "கையைக் கூப்பிடு" என்று சொல்லிப் பாருங்கள்.

படி 8: பதிவு அலுவலகம்

ஜெர்மனியில் பிறப்பை ஒரு வாரத்துக்குள் குடிமைப் பதிவு அலுவலகத்துக்கு (ஷ்டாண்டஸ்ஆம்ட்) தெரிவிக்க வேண்டும். மருத்துவமனையில் பிறந்தால் அவர்களே எழுத்து மூலம் தெரிவித்துவிடுவார்கள். பெயர் இன்னும் முடிவாகவில்லை என்றால் அதற்கு ஒரு மாதம் வரை நேரம் உண்டு. பெற்றோர் இருவரின் பாஸ்போர்ட், பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், அவற்றின் அங்கீகரிக்கப்பட்ட மொழிபெயர்ப்பு ஆகியவற்றைப் பிரசவத்துக்கு முன்பே தயார் செய்துவிடுங்கள். பெயர் தேடுவதைவிட இதற்குத்தான் நாளாகும்.

எந்தப் பெயர் கூடாது என்று தடைப்பட்டியல் எதுவும் சட்டத்தில் இல்லை. குழந்தையின் நலனைக் கெடுக்கக் கூடாது, கேலிக்கு இடம் தரக் கூடாது, பெயர் என்று தெரிய வேண்டும், இவைதான் அளவுகோல். முன்பு பெயரிலேயே ஆணா பெண்ணா என்று தெரிய வேண்டும் என அதிகாரிகள் பிடிவாதம் பிடிப்பார்கள். அதை முடித்துவைத்தது ஓர் இந்தியப் பெயர். பெண் குழந்தைக்கு கிரண் என்று பெயர் வைக்க அனுமதி மறுக்கப்பட்ட வழக்கில், 2008 டிசம்பர் 5 அன்று ஜெர்மனியின் அரசியல் சாசன நீதிமன்றம் அப்படியொரு நிபந்தனைக்குச் சட்டத்தில் இடமில்லை என்று சொல்லிவிட்டது. எண்ணிக்கைக்கு மட்டும் வரம்பு வந்தது. மகனுக்குப் பன்னிரண்டு பெயர் வைக்க விரும்பிய தாயை நீதிமன்றங்கள் ஐந்தோடு நிறுத்தின.

அலுவலர் பெயரை ஏற்கத் தயங்கினால், மேலே சொன்ன மொழிச் சங்கத்திடம் கட்டணம் செலுத்தி, இது பெயர்தான் என்று மதிப்புரை வாங்கிக் கொடுக்கலாம். பழைய ஜெர்மன் பெயர்களுக்கு இது தேவைப்படாது. கூடவே வைக்கும் தமிழ்ப் பெயருக்குத் தேவைப்படலாம்.

இரண்டு மூன்று பெயர் வைப்பது அங்கே சகஜம். அவற்றில் எதைக் கூப்பிடுகிறோமோ அது "ரூஃப்நாமே", அது முதலில்தான் வர வேண்டும் என்றில்லை. யோஹான் செபாஸ்டியான் பாக்கின் அண்ணன் தம்பிகளில் பலருக்கும் முதற்பெயர் யோஹான்தான், கூப்பிட்டது இரண்டாவது பெயரை வைத்து. ஆனால் இன்றைய கணினிகளும் விமான நிறுவனங்களும் முதலில் இருப்பதையே பிடித்துக்கொள்ளும். கூப்பிடுகிற பெயரை முதலில் எழுதிவிடுவதே நல்லது. 2018 நவம்பர் முதல் பெயர்களின் வரிசையை மட்டும் பின்னால் மாற்றிக்கொள்ள வழி உண்டு. பெயரையே மாற்றுவதற்குத் தக்க காரணம் காட்ட வேண்டும், கட்டணமும் உண்டு.

குடும்பப் பெயர் தனிக் கதை. அப்பா பெயரைப் பின்னால் போடும் நம் வழக்கத்தைப் பதிவேடு எளிதில் புரிந்துகொள்ளாது. 2025 மே 1 முதல் நடப்புக்கு வந்த புதிய பெயர்ச் சட்டம் ஃப்ரீஸிய மக்களுக்கு மட்டும், அவர்கள் மரபுப்படி, பெற்றோரின் முதற்பெயரிலிருந்து குழந்தையின் குடும்பப் பெயரை உருவாக்க இடம் கொடுத்திருக்கிறது. ஜெர்மன் சட்டப்படி நமக்கு அந்தச் சலுகை கிடையாது. உங்கள் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருந்தால், கர்ப்ப காலத்திலேயே அலுவலகத்தில் நேரம் வாங்கிப் பேசிவிடுங்கள்.

சான்றிதழ் கைக்கு வந்ததும் அங்கேயே நின்று எழுத்துக்கூட்டிப் படியுங்கள். யோர்க், கேத்தே போன்ற பெயர்களில் உயிரெழுத்தின் தலையில் வரும் இரண்டு புள்ளிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். பாஸ்போர்ட்டின் அடியில் இயந்திரம் படிக்கும் வரிகளில் அந்தப் புள்ளிக்குப் பதிலாக ஓர் ஈ எழுத்து கூடுதலாக வரும். அது பிழையில்லை. விமானச் சீட்டு எடுக்கும்போதும் அந்த வடிவத்தையே பயன்படுத்தலாம். பன்மொழிப் பிறப்புச் சான்றிதழையும் அப்போதே கேட்டு வாங்குங்கள். தூதரகத்தில் குழந்தைக்குப் பாஸ்போர்ட் விண்ணப்பிக்கும்போது மொழிபெயர்ப்புச் செலவு மிச்சமாகலாம்.